மூன்று முறை கேஸ் நிரப்பியும் குளிராத ஃபிரிட்ஜ்

கேள்வி: திண்டுக்கல்லில் வசிக்கிறேன். 13 மாதங்களுக்கு முன் மதுரையில் ரூ.28,500க்கு ஃபிரிட்ஜ் வாங்கினேன். எட்டாவது மாதமே கூலிங் போய்விட்டது. சர்வீஸ் சென்டரிலிருந்து மூன்று முறை வந்து கேஸ் நிரப்பினார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. இப்போது ஓராண்டு வாரண்டி முடிந்துவிட்டதாம், ரூ.4,200 கட்டச் சொல்கிறார்கள். அம்மாவின் இன்சுலினைப் பக்கத்து வீட்டில் வைத்திருக்கிறோம். என்ன செய்வது?

பதில்: பணம் கட்ட வேண்டாம். வாரண்டிக்குள் வந்த கோளாறுக்கு வாரண்டிக்குள்ளேயே புகார் கொடுத்திருக்கிறீர்கள். அதைச் சரிசெய்யாமல் நாளைக் கடத்திவிட்டுக் கைவிரிப்பது, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு.

உங்கள் பெரிய பலம் ஜாப் ஷீட்டுகள், அதாவது அந்த மூன்று முறையும் என்ன வேலை செய்தோம் என்று சர்வீஸ் ஆட்கள் எழுதிக் கொடுத்த தாள்கள். ஃபிரிட்ஜில் கேஸ், பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற பொருள் இல்லை. மூடிய குழாய்களுக்குள் அதையே கம்ப்ரசர் திரும்பத் திரும்பச் சுற்றவிடுகிறது. குறைகிறதென்றால் எங்கோ கசிகிறது. கசிவை அடைக்காமல் நிரப்பிவிட்டுப் போனார்கள் என்பதற்கு அவர்கள் எழுதிய தாளே சாட்சி. தாள் இல்லையா? புகார் எண் வந்த எஸ்எம்எஸ்களை அழிக்காமல் வையுங்கள்.

சுவரை ஒட்டி வைத்தீர்கள், வோல்டேஜ் சரியில்லை, கதவு ரப்பர் போய்விட்டது என்றெல்லாம் எதிர்த்தரப்பு சொல்லும். பின்பக்க இடைவெளி, ஸ்டெபிலைசர், ரப்பர் மூன்றையும் இன்றே படம் எடுத்துவிடுங்கள்.

அப்புறம், கடை, தயாரிப்பு நிறுவனம் இரண்டுக்கும் 15 நாள் கெடு வைத்து ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915லும் புகாரைப் பதியுங்கள். பதில் இல்லையென்றால் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். மதுரைக்கு அலைய வேண்டியதில்லை. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

முழு விலையும் திரும்பக் கிடைக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். 2006இல் ஒரு கார் வழக்கில், பழுதான பாகத்தை மாற்றித் தந்தால் போதும் என்றே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் மனுவில் இலவசமாகக் கசிவை அடைத்துத் தர வேண்டும், முடியாவிட்டால் வேறு ஃபிரிட்ஜ் அல்லது பணம் என்று வரிசையாகக் கேளுங்கள். நஷ்ட ஈடும் கேளுங்கள். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டியது. கெட்டுப்போய் மறுபடி வாங்கியிருந்தால் மருந்துக்கடை ரசீதை இணையுங்கள்.

உற்பத்திக் குறையா என்பதை நிபுணரை வைத்துச் சோதிக்க ஆணையம் உத்தரவிடலாம். அதுவரை வெளி மெக்கானிக் யாரையும் குழாயில் கைவைக்க விடாதீர்கள்.