சைனஸுக்கு பலூன் வச்சு பண்றாங்களே, அது என்ன?

பெங்களூரு வந்ததுலேருந்து மூக்கடைப்பு, நெத்தி வலி, மாத்திரை போட்டும் போகல, டாக்டர் பலூன் சிகிச்சைங்கறாரு, அது என்னன்னு இங்க நெறைய பேர் கேக்கறாங்க.

மூக்கைச் சுத்தி எலும்புக்குள்ள நாலு ஜோடி காத்து அறை இருக்கு, அதான் சைனஸ். அதுல ஊறுற சளி சில மில்லிமீட்டர் ஓட்டை வழியாத்தான் மூக்குக்கு வரணும். தூசி, பார்த்தீனியம் செடி மகரந்தம்னு ஏதாவது அலர்ஜில அந்த ஓட்டை வாய் வீங்கிட்டா சளி உள்ளயே தேங்கி கிருமி பிடிக்கும். மழை பேஞ்சா பெல்லந்தூர் ரோட்டுல தண்ணி நிக்குதே, அதே கதைதான், மோட்டார் வச்சு எறைச்சா மட்டும் போதுமா, வடிகால் வாயைத் தெறக்கணும்ல.

மூக்கு துவாரம் வழியா கேமரா பாத்துக்கிட்டே மெல்லிசான ட்யூபை விட்டு, நுனில இருக்கற குட்டி பலூனை அந்த ஓட்டைல விரிப்பாங்க, எலும்பு லேசா விலகி வழி பெருசாகும். முகத்துல வெட்டு, தையல் கிடையாது. ஆனா உப்புத்தண்ணி கழுவல், ஸ்ப்ரே எல்லாம் ஒழுங்கா பாத்துட்டு, சிடி ஸ்கேன் எடுத்துட்டுதான் இதுக்குப் போகணும். மூக்குல சதை நெறைய வளந்திருந்தா பலூன் மட்டும் பத்தாது, எண்டோஸ்கோப்பி ஆபரேஷன்தான்.

அல்சூர்ல எங்க சித்தி பயந்த மாதிரி பலூனை உள்ளயே விட்டுட மாட்டாங்க, கொஞ்ச நேரம் விரிச்சு வச்சிட்டு, சுருக்கி அப்பவே எடுத்துடுவாங்க.