கண்ணாடியிழை இறக்கை உடைந்தால்: எதை வாங்குவது, எதைத் தவிர்ப்பது?

கேள்வி: வார்ப்பில் செய்யப்பட்ட கண்ணாடியிழை மாதிரிக் கிளைடர் (ரிமோட்டில் இயக்கும் சறுக்கு விமானம்) ஒன்றை, பழையதாக, ஒரு தனிநபரிடமிருந்து வாங்கினேன். இறக்கை விரிப்பு 3 மீட்டர். கூரியரில் வந்து சேர்ந்தபோது வலது இறக்கையின் நடுப்பகுதியில் மேல்தோல் உள்ளங்கை அளவுக்கு நொறுங்கியிருந்தது. பின்விளிம்பும் ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்திருக்கிறது. இதைப் பழுது பார்த்தால் தாங்குமா, அல்லது புதிய இறக்கைதான் வாங்க வேண்டுமா? கூரியர் நிறுவனத்திடம் இழப்பீடு கேட்கலாமா?

பதில்: இழப்பீட்டுக்கான சான்றுகளைத் திரட்டிய பிறகே உப்புத்தாளைக் கையில் எடுங்கள். பெட்டி, அதற்குள் இருந்த பொதி, உடைந்த இடம் ஆகியவற்றைப் படமெடுத்து, பெட்டியைத் தூக்கியெறியாமல் வைத்துக்கொண்டு, கூரியர் நிறுவனத்துக்கு எழுத்து மூலம் உடனே புகார் அனுப்புங்கள். விற்றவர் வணிகர் அல்லர் என்பதால் அவரை நுகர்வோர் சட்டத்தின் கீழ் கொண்டுவருவது கடினம். ஆனால் கட்டணம் பெற்றுக்கொண்டு பொருளைச் சுமந்துவந்த நிறுவனம் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவை வழங்குநரே. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். அதில் பயனில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை 2 ஆண்டுகளுக்குள் அணுகலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதபோது மனுக் கட்டணம் கிடையாது. பொதி சரியாகக் கட்டப்படவில்லை என்பதே நிறுவனம் முதலில் சொல்லப்போகும் பதிலாக இருக்கும் என்பதால், உள்பொதியின் படங்கள் மிக முக்கியமானவை.

பழுது தாங்குமா என்பதை உடைப்பின் அளவு தீர்மானிப்பதில்லை. உடைந்த இடம்தான் தீர்மானிக்கிறது. இறக்கையின் உள்ளே நீளவாக்கில் ஓடும் ஸ்பார்தான் வளைக்கும் விசையைத் தாங்குகிறது. அந்த விசை உடற்பகுதியோடு சேரும் அடியில் உச்சத்தில் இருந்து, நுனியை நோக்கிக் குறைந்துகொண்டே போய், நுனியில் இல்லாமல் போகிறது. வெளித்தோலின் முக்கிய வேலை, இறக்கை முறுக்கிக்கொள்ளாமல் காப்பது. எனவே ஸ்பார் முழுதாக இருந்தால் உள்ளங்கை அளவு நொறுங்கல் பயப்படத்தக்கதன்று. ஸ்பார் அடிப்பகுதியில் முறிந்திருந்தால், வெளியே கோடு அளவுக்கு விரிசல் தெரிந்தாலும், புதிய இறக்கை வாங்குவதே நல்லது என்பது என் கருத்து.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவிகள் தேவையில்லை. இரண்டு இறக்கைகளையும் ஒரே விதமாகத் தாங்கி, மெதுவாக வளைத்தும் முறுக்கியும் ஒப்பிட்டுப் பாருங்கள். வலது இறக்கை கூடுதலாக வளைந்தாலோ, உள்ளே நறநறவென்று ஓசை கேட்டாலோ ஸ்பார் சேதமடைந்திருக்கலாம். பிறகு ஒரு நாணயத்தால் ஸ்பார் ஓடும் பாதை நெடுகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடத்தில் ஓசை கணீரென்று இருக்கும். தோல் உள்ளே விட்டுப்போயிருந்தால் மந்தமாகக் கேட்கும். அந்த எல்லையைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் உண்மையான சேதம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதைவிடப் பெரிதாகவே இருக்கும்.

இத்தகைய இறக்கையின் தோல் பெரும்பாலும் மூன்று அடுக்குகளால் ஆனது: வெளியே ஒரு மெல்லிய கண்ணாடியிழைத் துணி, நடுவே ஓரிரு மில்லிமீட்டர் கனமுள்ள நுரைத்தகடு அல்லது பால்சா என்ற இலகுவான மரம், உள்ளே மற்றொரு துணி. நொறுங்கிய வெளித்துணியையும் நசுங்கிய நடு அடுக்கையும் வெட்டியெடுத்துவிட்டு, உள்துணி முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள். கிழிந்திருந்தால் முதலில் அதற்கு ஒட்டுப்போட்டு, அதன்மேல் அதே கனத்தில் பால்சாத் துண்டைப் பதித்து, எபாக்சி (இரு திரவங்களைக் கலந்தால் இறுகும் பிசின்) இறுகியபின் மட்டமாகத் தேய்க்க வேண்டும். பிறகு ஓட்டையைச் சுற்றிப் பழைய வெளித்தோலை எல்லாப் பக்கமும் குறைந்தது 15 மில்லிமீட்டர் அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்து, அந்தச் சரிவு முழுவதையும் மூடும்படி புதிய துணியை ஒட்டுங்கள். துணியின் இழைகள் இறக்கையின் நீளத்துக்கு 45 பாகைச் சாய்வில் அமைய வேண்டும். முறுக்கு விசை அந்தத் திசையிலேயே ஓடுகிறது. ஈரமான ஒட்டின்மேல் பழைய ஓஹெச்பி தாள் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) ஒன்றைப் பரப்பி, மணல் நிரப்பிய பையை வைத்து ஒரு நாள் விட்டுவிட்டால், தேய்க்கும் வேலை பெருமளவு குறைந்துவிடும்.

பின்விளிம்புப் பிளவு எளிது. பஞ்சுத்தூள் கலந்த எபாக்சியை ஊசிக்குழலால் உள்ளே செலுத்தி, இரு பக்கமும் மெழுகு தடவிய நேரான பட்டைகளை வைத்துக் கவ்விகளால் இறுக்குங்கள். பட்டைகள் நேராக இல்லாவிட்டால், வளைந்த விளிம்பு அப்படியே நிரந்தரமாகிவிடும்.

கேள்வி: எங்கள் ஊரில் கதவு, தண்ணீர்த் தொட்டி, படகு ஆகியவற்றுக்கு ஃபைபர் வேலை செய்பவர்கள் வாங்கும் கடையில் ரெசினும் மேட்டும் (நெய்யாமல், வெட்டிய கண்ணாடியிழைகளைப் பசையால் சேர்த்த விரிப்பு) மிக மலிவாகக் கிடைக்கின்றன. மாதிரி விமானக் கடையில் சிறு புட்டி எபாக்சிக்குப் பல மடங்கு விலை சொல்கிறார்கள். மலிவானதை வாங்கினால் என்ன?

பதில்: வாங்க வேண்டாம். அந்தக் கடையில் ரெசின் என்று கேட்டால் பொதுவாகக் கொடுப்பது பாலியெஸ்டர். படகுக்கு அது போதும். உங்கள் இறக்கைக்கு மூன்று காரணங்களால் ஆகாது. அதில் உள்ள ஸ்டைரீன் என்ற கரைப்பான் தெர்மோகோலைக் கரைத்துவிடும். இறக்கையின் உட்கரு தெர்மோகோலாக இருந்தால் ஒட்டுப்போட்ட இடத்தின் கீழே குழி விழும். ஏற்கெனவே இறுகிப்போன எபாக்சியின்மேல் பாலியெஸ்டர் நம்பிக்கையாகப் பிடிப்பதில்லை. வார்ப்பு இறக்கைகள் பெரும்பாலும் எபாக்சியில் செய்யப்பட்டவை. இறுகும்போது பாலியெஸ்டர் சுருங்கி மெல்லிய தோலை இழுத்து நெளிக்கவும் கூடும். மேலும், பாலியெஸ்டரோடு தரும் கோபால்ட் திரவத்தையும் கேட்டலிஸ்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் தீப்பற்றவோ வெடிக்கவோ கூடும் என்பதைக் கடைக்காரர் எப்போதும் சொல்வதில்லை.

மேட் விஷயத்தில் கணக்கே பேசும். சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள நெய்த துணியில் 10 சென்டிமீட்டர் சதுர ஒட்டு 0.8 கிராம், சம அளவு ரெசின் சேர்த்தால் 1.6 கிராம். அதே ஒட்டை 450 கிராம் மேட்டில் போட்டால் மேட் மட்டும் 4.5 கிராம், அது குடிக்கும் ரெசின் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல், ஆக ஏறத்தாழ 14 கிராம். அதோடு, மேட்டின் இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை ஸ்டைரீனில் கரையும்படி செய்யப்பட்டது என்பதால் எபாக்சியில் அது சரியாக நனைவதுமில்லை. ஆகவே 50, 80 கிராம் நெய்த துணிகளில் சிறு துண்டுகள் வாங்கினால் போதும்.

இந்தியாவில் எளிதில் கிடைக்கும் லேமினேட்டிங் எபாக்சி எல்ஒய் 556 ரெசினும் எச்ஒய் 951 ஹார்டனரும் (ரெசினை இறுகச் செய்யும் திரவம்) சேர்ந்தது. எடைக்கணக்கில் 10 பங்குக்கு 1 பங்கு. 10 கிராம் ரெசினுக்கு ஒரே ஒரு கிராம் ஹார்டனர் என்பதால், கண்மதிப்பில் ஊற்றினால் பிசுபிசுப்பு நீங்காத ஒட்டுதான் மிஞ்சும். நூறில் ஒரு பங்கு கிராம் வரை காட்டும் சிறு மின்னணுத் தராசு ஒன்றையும் வாங்குங்கள். ரெசின் கெட்டியாக இருந்தால் புட்டியை வெந்நீரில் வைத்து இளக்கலாம்; ஆனால் சூடான ரெசின் விரைவில் இறுகும் என்பதால் சிறு அளவாகவே கலக்க வேண்டும். பெயரும் கலவை விகிதமும் ஒட்டப்படாமல், பெரிய கேனிலிருந்து ஊற்றித் தரும் புட்டிகளை எவ்வளவு மலிவானாலும் வாங்காதீர்கள்.

வீட்டில் உள்ள ஐந்து நிமிட எபாக்சி, துணியை நனைக்கப் போதிய நேரம் தராது, வெப்பத்திலும் இளகும். அதைச் சர்வோ (இறக்கையின் அசையும் பகுதிகளை இயக்கும் சிறு மோட்டார்) மூடிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கையுறையும் முகக்கவசமும் இந்தச் செலவில் அடங்கியவையே: ஹார்டனர் தொடர்ந்து தோலில் பட்டால் ஒவ்வாமை வந்துவிடக்கூடும், அது ஒருமுறை வந்தால் பெரும்பாலும் விட்டுப்போகாது.

கேள்வி: ஒரு பழுதுபார்ப்பவரிடம் இறக்கையைக் கொடுத்து வாங்கினேன். பளபளப்பாகத் திரும்பி வந்தது. பறக்கவிட்டால் ஒரு பக்கமாகவே சாய்கிறது. பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: காரணத்தை முதலில் பிரித்தறியுங்கள். இரண்டு இறக்கைகளையும் தனித்தனியே எடை போடுங்கள். பட்டியும் பெயின்ட்டும் தாராளமாகப் பூசியிருந்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். நுனிக்கு அருகில் கூடிய எடை சாய்வை மட்டுமல்ல, உருளும்போது வரும் மந்தத்தையும் அதிகரிக்கிறது. எடை சமமாக இருந்தால், ஒட்டு இறுகும்போது இறக்கை முறுக்கிக்கொண்டதா என்று பாருங்கள்: நன்றாக இருக்கும் இறக்கையோடு அருகருகே தட்டையான மேசையில் வைத்து, அடியிலும் நுனியிலும் பின்விளிம்பின் உயரத்தை அளந்து ஒப்பிட்டால் போதும். எடையைச் சிறு ஈயத்தால் சமன் செய்துவிடலாம்; முறுக்கு, வேலையில் உள்ள குறைபாடு, அதற்குப் பணமோ மறுபடி வேலையோ கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இனி யாரிடம் கொடுத்தாலும் கொடுக்கும்போதும் வாங்கும்போதும் எடையை ரசீதில் எழுதச் சொல்லுங்கள். அப்படி எழுதத் தயங்குபவரிடம் நான் கொடுக்க மாட்டேன்.

கேள்வி: பழுது பார்த்த இறக்கைக்குக் கருப்பு நிறம் பூசலாமா?

பதில்: கூடாது. அறை வெப்பத்தில் இறுகிய எபாக்சி 60 பாகை செல்சியஸை ஒட்டியே இளகத் தொடங்கக்கூடும். வெயிலில் கிடக்கும் கருப்புப் பரப்பு அதை எளிதாகத் தாண்டும். ஆள் ஏறிப் பறக்கும் கண்ணாடியிழைக் கிளைடர்கள் பெரும்பாலும் வெள்ளையாக இருப்பதும் இதனாலேயே. தூரத்தில் அடையாளம் தெரிவதற்காக என்றால் இறக்கையின் கீழ்ப்புறத்தில் மட்டும் அடர்நிறப் பட்டைகளைப் பூசிக்கொள்ளுங்கள். பூட்டிய காருக்குள் வெயிலில் விட்டுவைக்காதீர்கள்.