துணை விளக்கு வயரிங்: கேளுங்கள், சொல்கிறேன்

உடுமலையில் 22 வருடமாக வண்டி வயரிங் வேலை செய்கிறேன். வால்பாறை, மூணாறு ஏறுகிற வண்டிகள்தான் அதிகம் வரும். கூடுதலாக மாட்டும் ஸ்பாட் லைட், அதை மங்க வைப்பது பற்றி எதுவானாலும் கேளுங்கள்.

அண்ணா, 55 வாட் ஹாலஜன் இரண்டு வாங்கியிருக்கிறேன். டேஷ்போர்டு சுவிட்சிலிருந்து நேராக இழுத்தால் போதுமா?

போதாது தம்பி. இரண்டும் சேர்ந்து 110 வாட். 12 வோல்ட்டில் 9 ஆம்பியருக்கு மேல் ஓடும். அந்தச் சிறிய சுவிட்ச் சில நாளில் உருகும். ரிலே வையுங்கள். சின்ன கரன்ட்டை வைத்துப் பெரிய கரன்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச் அது, அதன் கால்களில் 30, 87 என்று எண் போட்டிருக்கும். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து 15 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் ரிலேயின் 30-ஆம் கால். அப்புறம் 87-லிருந்து விளக்குகளுக்கு. 86-க்கு ஹை பீம் வயரிலிருந்து உங்கள் சுவிட்ச் வழியாக ஒரு மெல்லிய இணைப்பு, 85 எர்த், அதாவது வண்டியின் பாடி. ரிலேக்குள் இருக்கும் காயில் இழுப்பது கால் ஆம்பியர்கூட இருக்காது, சுவிட்ச் வருடக்கணக்கில் உழைக்கும். டிப் அடித்தால் ஸ்பாட் லைட்டும் தானாக அணையும். அப்படி அணையாத வயரிங்கை நான் யாருக்கும் செய்து தருவதில்லை. வளைவில் எதிரே பைக்கில் வருகிறவருக்கு ஒரு நொடி கண் இருட்டினால் போதும், பக்கத்தில் பள்ளம்.

எர்த் வயரும் அதே தடிமனில் இருக்கட்டும், பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு முடுக்குங்கள். வழியில் 1 வோல்ட் தொலைந்தால் ஹாலஜனில் கால்வாசி வெளிச்சம் போய்விடும்.

ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். ஒரு ஜீப்பில் யாரோ அதை டேஷ்போர்டுக்குள் வைத்திருந்தார்கள். இன்ஜின் பக்கம் வயர் உரசி பாடியில் தொட்டதும், ஃபியூஸ் வரை இருந்த வயர் முழுக்க எரிந்தது. கருகிய அந்த வயரிங்கைப் பிரித்து எடுத்தவன் நான்.

சொன்னபடிதான் இணைத்தேன். ஆனால் ஹை பீம் போட்டால் ரிலே வேலை செய்யவில்லை.

டெஸ்ட் லாம்ப் வைத்துப் பாருங்கள். டொயோட்டா வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட்டுக்கு பிளஸ் பொதுவாக வரும், சுவிட்ச் எர்த் பக்கத்தை இணைக்கும். அப்படியிருந்தால் 86-க்கு ஹெட்லைட் ஹோல்டரில் உள்ள பொது பிளஸ்ஸைக் கொடுங்கள். 85-ஐ ஹை பீம் வயரில் சேருங்கள். மற்றது மாறாது.

எல்இடி பார் மாட்டினேன். ஊருக்குள் மங்க வைக்க ரெசிஸ்டர் போடலாமா? ஃபேன் ரெகுலேட்டர் கையில் இருக்கிறது, அது ஆகுமா?

இரண்டும் ஆகாது. ஃபேன் ரெகுலேட்டர் வீட்டு ஏசி கரன்ட்டுக்கானது. அலை பூஜ்யத்தைத் தொடும்போதுதான் அதற்குள் இருக்கும் டிரையாக் என்ற மின்னணு சுவிட்ச் அணையும். பேட்டரியின் டிசி கரன்ட்டில் அப்படி ஒரு இடமே வராது.

ரெசிஸ்டர் விஷயம் வேறு. எல்இடி பாருக்குள் டிரைவர் போர்டு ஒன்று இருக்கும். வோல்ட் ஏறினாலும் இறங்கினாலும் எல்இடிக்கு ஒரே அளவு கரன்ட் கொடுப்பதுதான் அதன் வேலை. நீங்கள் வோல்ட்டைக் குறைத்தால் அது கூடுதல் ஆம்பியர் இழுத்து ஈடுகட்டிக்கொள்ளும். வெளிச்சம் குறையாது, ரெசிஸ்டர்தான் கொதிக்கும். மேலும் குறைத்தால் விளக்கு சிமிட்டிவிட்டு அணைந்துவிடும்.

டிம்முக்கென்றே தனி வயர் கொடுத்திருக்கும் விளக்கை வாங்குவதுதான் சரியான வழி. இல்லையென்றால் பி.டபிள்யூ.எம். டிம்மர். நொடிக்குப் பல நூறு தடவை அணைத்து ஏற்றி, சராசரி வெளிச்சத்தைக் குறைக்கும் கருவி அது. உங்கள் விளக்கின் டிரைவர் அதைத் தாங்கும் என்று தயாரிப்பாளர் சொல்லியிருந்தால் மட்டும் போடுங்கள். டிம்மர் 87-க்கும் விளக்குக்கும் நடுவில் வரவேண்டும். ரிலே காயிலுக்கு முன்னால் வைத்தால் ரிலே கடகடவென்று அடித்தே செத்துப்போகும்.

ஹாலஜனை அதே டிம்மரில் மங்க வைக்கலாமா?

தாராளமாக. அதற்கு டிரைவர் கிடையாது, இழைதான். ஆம்பியர் தாங்கும் டிம்மரா என்று மட்டும் பாருங்கள். இரண்டு பல்புக்கு 20 ஆம்பியர் ரகம் வாங்குங்கள். எப்போதும் மங்கலாகவே ஓட்டினால் கண்ணாடி போதிய சூடு ஏறாமல் உள்ளே கருக்கலாம். அவ்வப்போது முழு வெளிச்சத்தில் எரியவிடுங்கள்.

எந்த கம்பெனி விளக்கு நல்லது?

கம்பெனி பெயர் சொல்ல மாட்டேன்.

ஃபியூஸ் அவசியமா? கடைக்காரர் வேண்டாம் என்றார்.

அவசியம். ஜீப் கதையை மேலே எழுதியிருக்கிறேன்.

பனிக்கு மஞ்சள் விளக்குதானே? வெள்ளை பனியைக் கிழிக்காது.

இதை நம்பி நானும் பல வருடம் மஞ்சள் பல்ப் மாட்டிக் கொடுத்தேன். பனித்துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியது. எந்த நிறமானாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும்.

வானம் நீலமாக இருப்பதே நீலம் அதிகம் சிதறுவதால்தானே அண்ணா?

அது காற்றின் மூலக்கூறுகள் செய்வது, அலைநீளத்தைவிட மிகச் சிறியவை. பனித்துளிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. பொருந்தினால் பனி நீலமாகத் தெரிந்திருக்க வேண்டும், வெள்ளையாகத்தானே தெரிகிறது?

அப்படியானால் பிரான்சில் 1993 வரை மஞ்சள் ஹெட்லைட்டை ஏன் கட்டாயமாக்கி வைத்திருந்தார்கள்?

நல்ல கேள்வி. மஞ்சள் கண்ணாடி நீலத்தை வடிகட்டும், அதனால் கண்கூச்சம் குறையும் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் குறைவு சிலருக்கு உண்மையாகவே இதமாக இருக்கும், மறுக்கவில்லை. பனிக்குள் பார்வை போகும் தூரத்தை அது கூட்டாது. அதைத் தீர்மானிப்பது உயரம். விளக்கை பம்பருக்குக் கீழே, மேல்விளிம்பு வெட்டிய ஒளியாக, சாலையைத் தொடும்படி வையுங்கள். கூரைமேல் பார் வைத்தால் உங்கள் கண்முன்னே வெள்ளைச் சுவர்தான் எழும்.

ஆர்டிஓ பிடிப்பார்களா?

மத்திய மோட்டார் வாகன விதி 106-ஐப் படியுங்கள். 8 மீட்டர் தள்ளி, 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணை உங்கள் விளக்கு கூசவைக்கக் கூடாது, அல்லது கீழே இறக்கும் வசதி இருக்க வேண்டும். கூரைமேல் பார் எப்படித் தேறும்?

அண்ணா, சுவிட்சிலிருந்து நேராக இழுத்தால் போதுமா?

முதல் பதில். முழுவதும் படியுங்கள்.

ஸ்கூட்டருக்கு?

பல ஸ்கூட்டர்களில் சார்ஜிங் அமைப்பே வேறு, நான் அதில் கை வைப்பதில்லை. இருசக்கர எலக்ட்ரீசியனிடம் காட்டுங்கள். போகும்போது ஃபியூஸ் எங்கே வைப்பார் என்று கேளுங்கள்.