வாசகர் கேள்வி-பதில்: பாம்பு சட்டையைத் துண்டு துண்டாக உரிப்பது ஏன்?

கேள்வி: பல்கலைக்கழகத்தில் படிக்கும் எங்கள் மகன், பால் பைதான் (ball python) எனப்படும் சிறிய ஆப்பிரிக்க மலைப்பாம்பு ஒன்றை, மேலே கம்பிவலை மூடியுள்ள கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிறான். கோடையில் அதன் சட்டை தலை முதல் வால் வரை முழுதாகக் கழன்றுவிடுகிறது. பனிக்காலத்தில் துண்டு துண்டாகத்தான் உரிகிறது. இம்முறை வால் நுனியிலும் ஒரு கண்ணிலும் பழைய தோல் ஒட்டியிருக்கிறது. காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கிறோம். தெளித்தவுடன் 60 சதவீதம் காட்டும் ஈரப்பதமானி, ஒரு மணி நேரத்துக்குள் 30க்கு இறங்கிவிடுகிறது. என்ன செய்ய வேண்டும்?
– வாசகி, ஸ்கார்பரோ, கனடா

பதில்: கோடையில் நன்றாகச் சட்டை உரிக்கும் பாம்பு பனிக்காலத்தில் மட்டும் திணறுகிறது என்றால், குறை பெரும்பாலும் பாம்பிடம் இல்லை, வீட்டுக் காற்றில் இருக்கிறது. மைனஸ் 10 டிகிரியில் உள்ள காற்று ஒரு கன மீட்டருக்கு இரண்டு கிராமுக்குச் சற்றே கூடுதலான நீராவியைத்தான் தாங்கும். அதே காற்றை, வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் 22 டிகிரிக்குச் சூடாக்கும்போது அது 19 கிராம் வரை தாங்கும் நிலைக்கு வந்துவிடுகிறது. ஆனால் உள்ளே இருப்பதோ பழைய இரண்டு கிராம்தான். சமையலும் குளியலும் நம் மூச்சும் சேர்ந்து அறையின் ஈரப்பதத்தை 30 சதவீதம் வரை உயர்த்தினாலும், அந்தக் காற்று தொட்டிக்குள் விளக்கின் கீழே 32 டிகிரியைத் தொடும்போது, ஈரப்பதம் சுமார் 17 சதவீதமாகச் சரிந்துவிடும். அறையின் ஈரப்பதத்தைப் பார்த்துவிட்டுத் தொட்டியில் எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட முடியாததற்கு இதுவே காரணம்.

ஆகவே நீங்கள் ஊற்றும் தண்ணீர் போதாமல் இல்லை, ஊற்றிய தண்ணீர் தங்காமல்தான் இந்த நிலை. தெளித்த நீர் கண்ணாடியிலும் மேற்பரப்பிலும் படிந்து, உடனே ஆவியாகி, வெப்பக் காற்றோடு கம்பிவலை வழியே மேலேறிப் போய்விடுகிறது. தெளிப்பதை நாலு முறை ஆக்குவதைவிட மூடியை அடைப்பது மேல். வலையின் முக்கால் பங்கை, அக்ரிலிக் தகடாலோ அலுமினியத் தாளாலோ மூடிவிடுங்கள். விளக்கு இருக்கும் இடத்தைச் சுற்றி ஒரு சாண் அளவு திறந்தே இருக்க வேண்டும். சூடான விளக்குக்கு அருகில் பிளாஸ்டிக்கோ ஒட்டுநாடாவோ போகக் கூடாது. ஒட்டுநாடாவைத் தொட்டியின் உட்புறம் எங்குமே பயன்படுத்த வேண்டாம். பாம்பு அதில் ஒட்டிக்கொண்டால் செதிலோடு பிய்ந்து வரும்.

அடுத்தது தரையில் பரப்பும் பொருள். செய்தித்தாளும் ஆஸ்பென் மரச்சீவலும் இந்தப் பாம்புக்குப் பனிக்காலத்தில் உதவா. தேங்காய் மட்டையை நறுக்கிச் செய்த துண்டுகள் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றை எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பரப்பி, மேலே தெளிப்பதற்குப் பதிலாகத் தொட்டியின் நான்கு மூலைகளிலும் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். நீர் அடியில் இறங்கித் தங்கும், பாம்பு படுக்கும் மேல்பரப்பு காய்ந்திருக்கும், அடியிலிருந்து ஈரம் நாள் முழுவதும் சிறிது சிறிதாக எழும். விரலை உள்ளே நுழைத்துப் பார்த்தால் மேலே உலர்வும் கீழே குளிர்ந்த ஈரமும் தெரிய வேண்டும். பிழிந்தால் நீர் சொட்டுமானால் அது அதிகம்.

மூன்றாவதாகச் சொல்வதை நான் எல்லாவற்றிலும் முக்கியமாகக் கருதுகிறேன். இந்தப் பாம்பின் தாயகமான கானா, டோகோ, பெனின் ஆகிய நாடுகளில் நவம்பர் முதல் மார்ச் வரை சகாராவிலிருந்து ஹர்மட்டான் என்னும் வறண்ட காற்று வீசுகிறது. அந்த மாதங்களில் ஸ்கார்பரோவின் ஃபர்னஸ் காற்றுக்கு அது சளைத்ததன்று. அப்படியிருந்தும் பாம்பு அங்கே பிழைத்திருப்பதற்குக் காரணம், பகல் பொழுதை எலி வளைக்குள்ளோ கரையான் புற்றுக்குள்ளோ கழிப்பதுதான். மேலே காற்று எவ்வளவு வறண்டாலும் மண்ணுக்குள் ஈரம் தங்கியிருக்கும். எனவே தொட்டி முழுவதையும் ஈரமாக்க முயல்வதைவிட, ஒரு வளையை அமைத்துக் கொடுப்பதே அதன் இயல்புக்கு ஏற்றது. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்றின் பக்கவாட்டில் பாம்பின் பருமனான பகுதி நுழையும் அளவுக்கு வட்டமாக வெட்டி, விளிம்பைத் தேய்த்து மழுக்கி, உள்ளே நனைத்துப் பிழிந்த ஸ்பாக்னம் பாசியை (ஈரத்தை நன்றாகத் தேக்கி வைக்கும் பாசி) நிரப்பி, தொட்டியின் வெப்பப் பக்கத்துக்கும் குளிர்ப் பக்கத்துக்கும் நடுவில் வையுங்கள். பாசியை வாரம் ஒரு முறை அலசுங்கள். நாற்றம் வந்தால் மாற்றிவிடுங்கள்.

வெப்பப் பக்கத்தில் 31 முதல் 33 டிகிரியும், குளிர்ப் பக்கத்தில் 25 முதல் 27 டிகிரியும், குளிர்ப் பக்கத் தரையில் அளந்தால் 60 முதல் 70 சதவீத ஈரப்பதமும் இருந்தால் போதும். ஈரப்பதத்தைக் கூட்டுவதற்காக வெப்பத்தைக் குறைத்துவிடாதீர்கள். குளிரில் ஈரம் சேர்ந்தால் பாம்புக்கு மூச்சுக்குழாய்த் தொற்று வரும். கண் பால் நிறமாக மங்குவது சட்டை உரிக்கப் போவதன் அறிகுறி. பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் இடையே திரவம் சுரப்பதால் அந்த மங்கல் ஏற்படுகிறது. கண் மீண்டும் தெளிந்த சில நாட்களில் சட்டை உரியும். இந்தக் காலம் முழுவதும் பாசிப் பெட்டி ஈரமாக இருக்கிறதா என்று தினமும் பாருங்கள், பாம்பைக் கையில் எடுப்பதைத் தவிருங்கள்.

இப்போது ஒட்டியிருக்கும் தோலுக்கு வருவோம். காற்றுத் துளை உள்ள டப்பாவில், 28 முதல் 30 டிகிரி வரையிலான வெதுவெதுப்பான நீரைப் பாம்பின் உடல் உயரத்தில் பாதிக்கு மேல் போகாமல் ஊற்றி, அரை மணி நேரம் அதில் விடுங்கள், அருகிலேயே இருங்கள். பிறகு ஈரத் துண்டைக் கையில் தளர்வாகப் பிடித்து, பாம்பு அதனூடாக ஊர்ந்து போகும்படி விட்டால், பெரும்பாலான தோல் தானே கழன்றுவிடும். வால் நுனியை அலட்சியப்படுத்த வேண்டாம், அங்கே வளையமாக இறுகிய தோல் இரத்த ஓட்டத்தைத் தடுத்து நுனியையே அழுகச் செய்துவிடும். கண்ணில் மட்டும் கை வைக்காதீர்கள். பாம்புக்கு இமை கிடையாது, கண்ணை மூடியிருக்கும் கண்ணாடி போன்ற செதிலும் சட்டையோடு சேர்ந்து கழல வேண்டியதே. அதை இடுக்கியாலோ ஒட்டுநாடாவாலோ இழுத்தால் புதிய செதிலும் சேர்ந்து கிழிந்து பார்வை போகக்கூடும். ஈரப்பதத்தைச் சரிசெய்துவிட்டால் அடுத்த சட்டையோடு அது பெரும்பாலும் வந்துவிடும். வராவிட்டால் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: என் பாம்புப் பெட்டியில் இரண்டு ஈரப்பதமானிகள் வைத்திருக்கிறேன். வட்ட முகத்தில் முள் உள்ளது 50 சதவீதம் என்கிறது, டிஜிட்டல் கருவி 68 என்கிறது. எதை நம்புவது?
– வாசகர், லண்டன்

பதில்: ஒட்டி வைக்கும் முள் கருவிகள் பொதுவாக நம்பத்தக்கவை அல்ல, ஆனாலும் டிஜிட்டல் கருவி என்பதற்காகவே அதை நம்பிவிடவும் வேண்டாம், இரண்டையும் சோதித்துவிடலாம். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பை நிரப்பி, உப்பு கரைந்துவிடாமல் ஈரமாக மட்டும் ஆகும்படி சில துளி தண்ணீர் விடுங்கள். அந்த மூடியையும் கருவிகளையும், ஒன்றையொன்று தொடாதபடி, காற்றுப் புகாத ஜிப் பையில் வைத்து மூடி, வெயில் படாத இடத்தில் ஓர் இரவு விடுங்கள். ஈர உப்பைச் சூழ்ந்த அடைபட்ட காற்றின் ஈரப்பதம் அறை வெப்பநிலையில் 75 சதவீதத்தில் நிலைக்கும். பையைத் திறக்காமலேயே படியுங்கள். கருவி 70 காட்டினால் இனி அது சொல்வதோடு ஐந்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். பத்துக்கு மேல் விலகினால் தூக்கிப் போடுங்கள். கருவிகளின் உணர்பகுதி பாம்பு இருக்கும் மட்டத்தில், அதாவது தரையோரத்தில் இருக்க வேண்டும். ஒன்று வெப்பப் பக்கத்திலும் மற்றொன்று குளிர்ப் பக்கத்திலும் இருந்தால் இரண்டும் வேறு எண்களைக் காட்டுவதே சரி.

கேள்வி: மழைக்காலத்தில் என் பால் பைதானின் பெட்டியில் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டுகிறது. வயிற்றுச் செதில்களில் செம்பழுப்பு நிறக் கறையும் இரண்டு சிறு கொப்புளங்களும் தெரிகின்றன. மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்துத் தடவலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தடவ வேண்டாம். எண்ணெய்ப் பூச்சில் அழுக்கும் ஈரமும் ஒட்டிக்கொண்டு, மருத்துவர் புண்ணைப் பார்ப்பதையும் கடினமாக்கும். நீங்கள் சொல்வது வயிற்றுச் செதில் அழற்சியின் தொடக்கம் போல் தெரிகிறது. அது உள்ளே பரவி இரத்தத்தில் தொற்றாக மாறக்கூடியது என்பதால் இந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை அடியில் பரப்பியதை முழுவதும் அகற்றி, பெட்டியைக் கழுவிக் காயவைத்து, வெள்ளைத் தாளை மட்டும் விரித்து, அது நனைந்தவுடன் மாற்றுங்கள். காற்றில் ஈரம் கூடியதைவிட, தரை சொதசொதவென்று இருந்ததும் காற்று தேங்கி நின்றதும்தான் இங்கே கேடு செய்திருக்கும். பெட்டியின் எதிரெதிர்ப் பக்கங்களில், ஒன்று தாழவும் மற்றொன்று உயரவும் துளைகள் இட்டால் காற்று தானாக ஓடும். பாம்பு வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, மூக்கில் குமிழ் கட்டினாலோ, தலையைத் தூக்கியே வைத்திருந்தாலோ ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள்.

ஏ.சி. அறையில் வைத்திருந்தால் கதை நேர்மாறு: ஏ.சி. ஈரத்தை உறிஞ்சிவிடும், இரவில் அறை 20 டிகிரிக்கு இறங்கினால் பெட்டியும் குளிர்ந்துவிடும். காற்று நேரே படாத மூலைக்குப் பெட்டியை மாற்றி, சூடேற்றியைத் தெர்மோஸ்டாட்டுடன் இணையுங்கள். இன்னொன்று: பால் பைதான், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் (CITES) உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்புப் பட்டியலில் உள்ள உயிரினம். 2022இல் திருத்தப்பட்ட இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, அதை வைத்திருப்பவர்கள் ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். நம் காட்டு மலைப்பாம்பை வீட்டில் வைப்பதற்கோ சட்டத்தில் இடமே இல்லை.

கேள்வி: என் மகளிடம் கார்ன் ஸ்நேக் இருக்கிறது. அதற்கும் 60 சதவீதம் வேண்டுமா? அறைக்கு ஒரு ஹியூமிடிஃபையர் (காற்றில் ஈரம் கூட்டும் கருவி) வாங்கலாமா?
– வாசகி, ஒஸ்லோ

பதில்: வேண்டாம். அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்த அந்தப் பாம்புக்கு 40 முதல் 50 சதவீதம் போதும். மேலே சொன்ன பாசிப் பெட்டி ஒன்றை வைத்துவிட்டால், எப்போது ஈரம் வேண்டும் என்பதைப் பாம்பே தீர்மானித்துக்கொள்ளும். நார்வேயின் பனிக்காலத்தில் அறைக்கு ஹியூமிடிஃபையர் வைப்பது வீட்டில் உள்ளவர்களின் தொண்டைக்கும் நல்லதுதான், ஆனால் அறையின் ஈரப்பதத்தை 40 சதவீதத்துக்கு மேல் கொண்டுபோனால் ஜன்னல் கண்ணாடியில் நீர் கோத்துச் சட்டங்களில் பூஞ்சை பிடிக்கும். ஹியூமிடிஃபையரின் நீராவிக் குழாயைப் பாம்புப் பெட்டிக்குள் நேராக நுழைக்காதீர்கள். அந்தக் கருவியின் நீர்த்தொட்டியைத் தினமும் கழுவாவிட்டால் அதில் வளரும் கிருமிகள் அத்தனையும் பாம்பின் நுரையீரலுக்குப் போய்ச் சேரும்.