கோடையில் மேட்டுப்பாத்தி நிறையப் பூக்கிறது, ஆனால் குழம்புக்குப் போதுமான காய் வரவில்லையே, ஏன்?

மதுரைப் பக்கம், ஹாலோ பிளாக் கட்டிய இரண்டு பாத்தி, ஒவ்வொன்றும் 8 அடிக்கு 4 அடி. மாசியில் விதைத்த வெண்டை, பீர்க்கு, தக்காளி, கத்தரி. தினமும் மாலையில் தண்ணீர், ஞாயிற்றுக்கிழமை தோறும் பறிப்பு. கேள்வியில் நீங்கள் தந்திருக்கும் விவரம் இவ்வளவுதான். வாரம் ஒருமுறை பறிப்பதிலேயே பாதிப் பதில் இருக்கிறது.

வெண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். பூ காலையில் விரிந்து, மதியத்துக்கு மேல் சுருங்கிவிடும். அன்றிலிருந்து ஐந்தாம், ஆறாம் நாள்தான் பறிக்கும் பதம். அதற்கு மேல் இரண்டு நாள் விட்டாலே நார் ஏறிவிடும். ஞாயிறுக்கு ஞாயிறு பறித்தால் கூடையில் பாதி முற்றல், பாதி பிஞ்சு. முற்றிய காயைத் தூக்கிப் போடுவதோடு நஷ்டம் முடிவதில்லை. விதை முற்றத் தொடங்கிய காய் ஒன்று செடியில் நின்றாலும் சத்தெல்லாம் அதற்குத்தான் போகும், அடுத்த பூக்கள் குறையும். கோடையில் வெண்டையை ஒன்றுவிட்டு ஒரு நாள் பறித்தே ஆகவேண்டும், சமைக்கப் போவதில்லை என்றாலும்.

சந்தையில் செய்வதுபோல் நுனியை ஒடித்துப் பார்க்காதீர்கள். ஒடிந்த காயைச் செடியில் விட்டால் அந்த இடம் கறுத்துவிடும். சிறு கத்தரிக்கோலால் காம்பில் வெட்டுங்கள். கத்தரிக்கோல் சத்தமில்லாமல் இறங்கினால் இளசு. நறுக்கென்று தடுத்து, அழுத்திப் பிடித்தால்தான் வெட்டுகிறது என்றால் நார் பாய்ந்துவிட்டது. பெரும்பாலான ரகங்களுக்கு 4 அங்குல நீளம் சரி. வெண்டையின் சுணை கையில் அரிக்கும், முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் பாத்தியில் ஒன்றரை அடி இடைவெளியில் மூன்று வரிசை, வரிசைக்குள் அடிக்கு ஒரு செடி என்று வைத்தால் 24 செடி நிற்கும். நன்றாகக் காய்க்கும் காலத்தில் ஒரு பறிப்புக்கு 20 காய், ஏறக்குறைய 300 கிராம் எதிர்பார்க்கலாம். நாலு பேர் வீட்டில் ஒரு வேளைப் பொரியல். 10 செடி வைத்துவிட்டுக் காய் போதவில்லை என்றால் குறை செடியில் இல்லை.

இலை நரம்பெல்லாம் மஞ்சளாகி வலைபோல் தெரிந்தால் அது மஞ்சள் நரம்புத் தேமல். நச்சுயிரி நோய், மருந்து கிடையாது. வெள்ளை ஈ பரப்புவது, கோடையில் அதிகம். அந்தச் செடியைப் பிடுங்கிவிட்டு, மற்றவற்றுக்கு லிட்டருக்கு 3 மி.லி. வேப்ப எண்ணெயும் கொஞ்சம் காதி சோப்பும் கலந்து இலையின் அடிப்பக்கம் படும்படி தெளியுங்கள். வெயில் சாய்ந்த பிறகுதான், இல்லையென்றால் இலை கருகும். அடுத்த விதைப்புக்கு அர்கா அனாமிகா வாங்குங்கள், இந்த நோயைத் தாங்குவதற்கென்றே வெளியிட்ட ரகம்.

மீதிப் பாதி தண்ணீர். மேட்டுப்பாத்தி மழைக்காலத்தில் வேர் அழுகாமல் காப்பாற்றும், கோடையில் அதே காரணத்தால் சீக்கிரம் காயும். சித்திரை, வைகாசியில் செடி உறிஞ்சுவதும் மண்ணிலிருந்து ஆவியாவதும் சேர்ந்து நாளைக்கு 6, 7 மி.மீ. தண்ணீர் போகும், அதாவது சதுர மீட்டருக்கு 6, 7 லிட்டர். உங்கள் பாத்தி 3 சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவு, அதனால் ஒரு பாத்திக்குத் தினமும் சுமார் 20 லிட்டர் வேண்டும். மேலாக நனைகிற மாதிரி ஹோஸ் பிடிப்பதில் இதில் கால்வாசிகூட இறங்காது. விரலை இரண்டு அங்குலம் உள்ளே விட்டுப் பாருங்கள், அங்கே ஈரம் வேண்டும். மாலையை விடக் காலையில் ஊற்றுவது நல்லது, வெயில் ஏறுவதற்குள் செடி குடித்திருக்கும். மேலே மூன்று அங்குலம் வைக்கோலோ காய்ந்த சருகோ மூடாக்கு போடுங்கள், தண்டை ஒட்டி மட்டும் வேண்டாம். ஹாலோ பிளாக்கின் மேற்குச் சுவர் சாயங்கால வெயிலை வாங்கி, இருட்டிய பிறகும் வேருக்குச் சூட்டைக் கொடுத்துக்கொண்டிருக்கும். அந்த ஓரத்தில் சர்க்கரைவள்ளிக் கொடி நட்டுச் சுவரின் மேல் வழிய விட்டால் போதும். போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்து மண்மேல் வெள்ளை படிந்தால், பத்து நாளைக்கு ஒருமுறை அடி ஓட்டை வழியே வடியும் அளவுக்கு ஊற்றிக் கழுவிவிடுங்கள்.

பீர்க்கில் பிஞ்சு விழுவதற்கு இரண்டு காரணம், இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம். பிஞ்சு வளராமல் நுனியிலிருந்து மஞ்சளாகி மூன்று நாளில் சுருங்கினால் மகரந்தம் சேரவில்லை. பீர்க்கம்பூ சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல்தான் விரியும். காலையில் தூரிகையோடு போய்ப் பயனில்லை. மாலையில் ஆண்பூ ஒன்றைப் பறித்து இதழை உரித்து, அடியில் குட்டிக் காய் வைத்திருக்கும் பெண்பூவின் நடுவில் தடவுங்கள். கடும் வெயிலில் ஆண்பூ அதிகமாகவும் பெண்பூ குறைவாகவும் வருவது இயல்பு, கொடிமேல் கோபப்பட வேண்டாம்.

விரல் அளவு வளர்ந்த பிஞ்சு ஒரு பக்கம் கோணி, தோலில் ஒரு புள்ளியிலிருந்து பிசின் முத்துப்போல் திரண்டு நின்றால் அது பழ ஈ குத்தி முட்டையிட்ட இடம். வெட்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளைப் புழு நெளியும். இங்கே பணம் வீணாகும் ஒரு தவறு உண்டு. மாமரத்துக்கு விற்கும், ஈயை வாசனையால் இழுத்துப் பிடிக்கும் மெத்தில் யூஜினால் பொறியை வாங்கிப் பந்தலில் கட்டுகிறார்கள். கொடிக்காய்களைக் குத்தும் ஈ அதற்கு வராது. இந்த ஈயை இழுக்கும் கியூ லூர் பொறி என்று கேட்டு வாங்குங்கள். குத்துப்பட்ட காயை உரக்குழியில் போடாதீர்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு வாரம் வெயிலில் போட்டுவிட்டுப் புதையுங்கள். நல்ல பிஞ்சைக் காகிதப் பையால் மூடிவிடலாம். பீர்க்கை விளிம்பு நகத்துக்கு மசியும்போதே பறியுங்கள்.

தக்காளிக்குச் சொல்லும் பதில் பிடிக்காது, ஆனாலும் சொல்கிறேன். பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் 25-க்குக் கீழே இறங்காத நாட்களில் மகரந்தம் கெட்டுப் பூ மூட்டோடு உதிரும். எந்த டானிக்கும் இதைச் சரிசெய்யாது, வாங்காதீர்கள். 35 சதவீத நிழல்வலை கொஞ்சம் உதவும். ஏற்கெனவே பிடித்த காயை அடியில் நிறம் திரும்பும்போதே பறித்து வீட்டுக்குள் பழுக்கவிடுங்கள். செடியிலேயே விட்டால் வெயிலில் சிவப்பு ஏறாது, தோள்பட்டை மஞ்சளாகவே நின்றுவிடும். காயின் அடி கறுத்துக் குழிந்தால் அது பெரும்பாலும் நோயல்ல, ஒரு நாள் வெள்ளம் ஒரு நாள் வறட்சி என்று தண்ணீர் மாறி மாறிப் போவதால் சுண்ணாம்புச் சத்து காய்க்கு எட்டாததுதான்.

கத்தரியைப் பளபளப்பு இருக்கும்போதே எடுங்கள். மங்கினால் விதை முற்றிக் கசக்கும். நுனிக் குருத்து தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது, ஓர் அங்குலம் கீழே சேர்த்து வெட்டி அழித்துவிடுங்கள். வைகாசிக் கடைசியில் ஓய்ந்த செடியைத் தரையிலிருந்து ஓர் அடி விட்டு வெட்டி, இரண்டு கை மண்புழு உரம் போட்டால் மறுபடி தழைத்துக் காய்க்கும்.

அடுத்த கோடைக்குத் தக்காளி இடத்தில் கொத்தவரை போடுங்கள். இந்த வெயிலுக்கு அதுதான் சரி.

பறிப்பு காலை ஏழு மணிக்குள் முடியட்டும். வெண்டையைக் கழுவாமல் துணிப்பையில் வையுங்கள், ஈரத்தோடு வைத்தால் கொழகொழத்துக் கறுக்கும். விதைக்கு வேண்டுமென்றால் நோயில்லாத ஒரே ஒரு செடியைத் தேர்ந்து, நடுத்தண்டில் இரண்டு காயை மட்டும் விட்டு, வீட்டில் யாரும் பறித்துவிடாதபடி அவற்றில் சிவப்பு நூல் கட்டிவையுங்கள்.