வயசான லேப் எலிக்குத் தானா வர்ற கட்டி: கேளுங்க, சொல்றேன்

கோலாலம்பூர்ல ஆராய்ச்சி எலி ரூம்ல எனக்கு 18 வருஷம், அதுல பாதி கெழட்டு எலிங்களோடதான். இங்க எலின்னு சொல்றதெல்லாம் மவுஸ், அதாவது சுண்டெலி. வந்த கேள்விங்களுக்கு ஒண்ணொண்ணா பதில் போடுறேன்.

அக்கா, நான் மாஸ்டர்ஸ் பண்றேன். மருந்தே குடுக்காம ஒப்பிட்டுப் பாக்க வச்ச கன்ட்ரோல் எலி, சி3எச்ங்கற ஸ்ட்ரெயின் (தனியா வளத்த எலி வம்சம்), ஆம்பள, 24 மாசம். அறுத்துப் பாத்தா ஈரல்ல கட்டி. நான் ஏதாச்சும் தப்பு பண்ணிட்டேனா?

இல்லமா, பயப்படாதே. லேப் எலி பெரும்பாலும் ரெண்டு, ரெண்டரை வருஷம்தான் இருக்கும், அந்த வயசுல கட்டி தானாவே வரும், எங்க வரும்ங்கறது ரொம்பவும் ஸ்ட்ரெயினைப் பொறுத்தது. சி3எச் ஆம்பளைக்கு ஈரல், ஏ ஸ்ட்ரெயினுக்கு நுரையீரல். ஏகேஆர்ங்கற ஸ்ட்ரெயினுக்கு ஒரு வயசு சுமாருக்கே நெஞ்சுக்குள்ள இருக்கற தைமஸ் சுரப்பியில லிம்ஃபோமா, அதாவது வெள்ளணுப் புற்று, அதோட டிஎன்ஏக்குள்ளயே பரம்பரையா வர்ற வைரஸ்தான் காரணம். நாம நெறைய வச்சிருக்கற கறுப்பு எலி, பிளாக் சிக்ஸ், கொஞ்சம் தாங்கும், ஆனா ரெண்டு வயசு நெருங்கினா அதுக்கும் லிம்ஃபோமா வருது, பொம்பளைக்கு மூளைக்கு அடியில இருக்கற பிட்யூட்டரி சுரப்பியிலயும் கட்டி வரும்.

அதனால கன்ட்ரோல்ல வந்த கட்டிய மறைக்காதே, எழுதி வை. மருந்து குடுத்த பத்துல நாலுக்குக் கட்டின்னு நீ சொன்னா, குடுக்காததுல எத்தனைன்னுதான் முதல்ல கேப்பாங்க. அந்தக் கன்ட்ரோலும் அதே ஸ்ட்ரெயின், அதே வயசு, அதே தீனி, அதே ரூமா இருக்கணும். அமெரிக்காவுல என்டிபிங்கற அரசாங்க நச்சுப் பரிசோதனைத் திட்டத்தோட ரெண்டு வருஷ டெஸ்ட்ல ஒவ்வொரு குரூப்புக்கும் வழக்கமா 50 ஆம்பள 50 பொம்பள வைப்பாங்க, கன்ட்ரோலுக்கும் அதே கணக்கு. கன்ட்ரோல் எலி நல்லாத்தானே இருந்துச்சுன்னு அறுக்காமலே தூக்கிப் போடுறவங்கள பாத்தா எனக்கு வயிறு எரியுது.

செந்தூல்ல இருந்து கேக்கறேன்கா. வீட்டுக்காரர் எலி ரூம்ல வேலை, கட்டி நமக்கு ஒட்டுமா?

ஒட்டாதுமா. ஆனா எலி மூத்திரத்துல இருக்கற புரோட்டீன் சிலருக்கு அலர்ஜி, ஆஸ்துமா வரைக்கும் கொண்டு போகும், அதுக்குத்தான் மாஸ்க்கும் கிளவுஸும், சட்டைய அங்கயே மாத்திட்டு வரச் சொல்லு லா.

எலிக்குள்ள ஒண்ணுக்கொண்ணு பரவுமா அக்கா?

கட்டி பரவாது தம்பி, ஆனா காரணம் பரவலாம். 1936ல பிட்னர்னு ஒரு ஆராய்ச்சியாளர், மார்புக் கட்டி நெறைய வர்ற ஸ்ட்ரெயினோட குட்டிய வேற தாய்கிட்ட பால் குடிக்க விட்டார், கட்டி வெகுவா கொறஞ்சிருச்சு. பால்ல ஒரு வைரஸ் இருந்துச்சுன்னு அப்புறம்தான் தெளிவாச்சு. எனக்கு இன்னிக்கும் ரொம்பப் புடிச்ச ஆராய்ச்சி இது.

மக வளக்கற வெள்ளைச் சுண்டெலிக்கு அக்குள்கிட்ட உருண்டை, அது மார்புக் கட்டியா இருக்குமா?

இருக்கலாம் அண்ணே. பொம்பள எலிக்கு அஞ்சு ஜோடி காம்பு, பால் சுரக்கற திசு கழுத்துப் பக்கம் வரைக்கும் போகும். சீழ்க்கட்டியாவும் இருக்கலாம், ஆனா மார்புக் கட்டின்னா எலியில பெரும்பாலும் கெட்ட கட்டி, அதாவது புற்றுதான். நாளைக்கே மிருக டாக்டர்கிட்ட காட்டுங்க.

தீனி கொறச்சா கட்டி கொறையுமா?

கொறையும். 1940கள்லயே டானன்பாம்னு ஒரு ஆராய்ச்சியாளர் எலியில காட்டிட்டார். அதனாலதான் மருந்து குடுத்தது, குடுக்காதது ரெண்டு குரூப்பும் எவ்ளோ சாப்பிடுது, என்ன எடைன்னு குறிச்சு வைக்கணும், மருந்து கசந்து எலி கம்மியா தின்னா கட்டி கொறஞ்சத மருந்தோட வெற்றின்னு நெனச்சிருவோம்.

கட்டி வந்த எலிய வச்சு சோதனைய எப்போ நிறுத்தணும்கா?

கெழட்டு எலிய வாரம் ரெண்டு தடவையாச்சும் கையில எடுத்து வயித்தத் தடவிப் பாரு, எடை போடு. முதுகு கூனி, முடி சிலுத்து, தீனிப் பக்கம் போகாம மூலையில உக்காந்திருச்சுன்னா டேட்டாவுக்காக இன்னும் ஒரு வாரம் இழுக்காதே. அன்னிக்கே மிருக டாக்டரைக் கூப்பிடு.