பெட்டியில் கிடக்கும் கரண்டிகள்

அன்புள்ள ஐயா,

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். சில வருடங்களாக மாலை நேரத்தில் மரக்கரண்டி செதுக்குகிறேன். பக்கத்துத் தோட்டத்தில் வேரோடு பிடுங்கிப் போட்ட பழைய தேயிலைச் செடிகளின் கட்டைதான் மரம். யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். கத்தியோடு உட்காரும்போதுதான் நான் நானாக இருக்கிறேன், ஆபீஸில் இருப்பவன் வேறு யாரோ. ஆனால் எல்லாமே ஏதோ ஒரு வெள்ளைக்காரர் செய்ததைப் பார்த்துச் செய்தவை. சொந்த வடிவம் ஒன்றுகூட இல்லை. ஒரு பெட்டி நிறையச் சேர்ந்துவிட்டது (படம் இணைத்திருக்கிறேன்). வீட்டில் எவர்சில்வர் கரண்டிதான் புழங்குகிறது. "கடையில முப்பது ரூபாய்தானேப்பா" என்கிறான் மகன். காப்பியடிப்பவனுக்கு 'நான்' என்று ஒன்று உண்டா? என்னை நானே ஏமாற்றிக்கொள்கிறேனா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஏமாற்றிக்கொள்ளவில்லை. பச்சைத் தேயிலைக்கு என்ன விலை கிடைக்கும் என்பது உங்கள் கையில் இல்லை. குன்னூர் ஏலத்தில் விலை இறங்கினால், நீங்கள் எவ்வளவு சுத்தமாகக் கணக்கு எழுதியிருந்தாலும் இலை கொண்டுவந்தவர் முகம் சுண்டித்தான் போகும். அது உங்கள் தப்பில்லை. விலை ஏறினால் உங்கள் சாமர்த்தியமும் இல்லை. தேயிலைக் கட்டை அப்படியில்லை. நார் ஓட்டத்துக்கு எதிராகக் கத்தி வைத்தால் பிய்த்துக்கொண்டு வரும், ஈரக்கட்டையை அவசரமாகக் காயவைத்தால் வெடிக்கும். யாரால் ஆனது என்று விசாரணைக் கமிஷன் போட வேண்டியதில்லை. பகலெல்லாம் கிடைக்காத அந்தத் தெளிவு மாலையில் கிடைத்தால் மனம் அங்கேதான் போகும். ஆபீஸில் இருப்பவன் வேறு யாரோ என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். கத்தி வாங்கியது அவன் சம்பளத்தில்தானே.

சரி, காப்பி விஷயத்துக்கு வருவோம். ஊட்டியைச் சுற்றியுள்ள மந்துகளில், அதாவது தோடர் பழங்குடியினரின் குடியிருப்புகளில், தோடர் பெண்கள் போடும் பூவேலையைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாக நூல் ஓடும். துணியில் படம் வரைந்துகொள்வதில்லை, சட்டம் மாட்டுவதுமில்லை. இழையை எண்ணி எண்ணித்தான் ஊசி போகிறது. வடிவங்கள் அம்மாவிடமிருந்தும் பாட்டியிடமிருந்தும் வந்தவை. 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோதுகூட அது தனி ஒருவரின் பெயருக்குப் போகவில்லை, சமூகத்தின் வேலைக்குத்தான் கிடைத்தது. பாட்டி போட்டதையே போடுகிறாள் என்பதால் அந்தப் பெண்ணிடம் 'நான்' இல்லை என்று சொல்வீர்களா? சொந்த வடிவம் இருந்தால்தான் ஆள் என்பது கண்காட்சி நடத்துபவர்களின் கவலை.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அந்தப் பூவேலை போட்ட போர்வையை, பூத்துக்குளியை, தோடர்கள் தாங்களே போர்த்திக்கொள்கிறார்கள், இறந்தவர்களுக்கும் போர்த்தி அனுப்புகிறார்கள். உங்கள் கரண்டிகள் பெட்டியில் கிடக்கின்றன.

உங்கள் ஊர்ப் பக்கத்துப் பழங்குடியினரான கோத்தர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்கள் கொல்லுவேலையும் தச்சுவேலையும் செய்வார்கள், பெண்கள் பானை வனைவார்கள். அக்கம்பக்கத்தில் விவசாயம் செய்த படகர்களின் ஊர்களுக்கு அரிவாளும் பானையும் போகும், அங்கிருந்து தானியம் வரும். 1930-களை ஒட்டி அந்தக் கொடுக்கல் வாங்கல் பெரும்பாலும் முறிந்துபோனது. இதில் பெருமைப்பட மட்டுமே இருக்கிறது என்றில்லை. வாங்கியவர்களுக்கு அரிவாள் வேண்டும், சாவுக்குக் கோத்தர்கள் வாசிக்கும் இசை வேண்டும், ஆனால் கோத்தர்களைக் கீழே வைத்துத்தான் பார்த்தார்கள். கையால் செய்வது மனதுக்கு எவ்வளவு நல்லது என்று இப்போது வகுப்பு எடுப்பவர்கள் கதையின் இந்தப் பக்கத்தைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அப்படியிருந்தும் அங்கே ஒன்று நடந்திருக்கும். அரிவாள் சரியில்லை என்றால் வாங்கியவர் அதைச் செய்தவரிடமே வந்து நிற்பார். உங்களிடம் இதுவரை யாரும் அப்படி வந்து நிற்கவில்லை. உங்கள் சந்தேகம் அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன்.

அப்புறம் நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். வேலை சுத்தம். ஆனால் குழி தட்டை, காம்பு குட்டை. வாணலியில் எதையோ லேசாகக் கிளறும் சமையலுக்கு ஆனது. நம் வீட்டுக் குழம்புச் சட்டியில் விட்டால் கை சுடும், மொண்டால் வழியும். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பார்கள், உங்கள் கரண்டியில் சட்டியில் இருந்தாலும் வராது! பார்த்துச் செய்தது தப்பே இல்லை, வேறு யார் சட்டிக்கோ செய்ததுதான் சிக்கல். உங்கள் மனைவி எவர்சில்வரை விடாததற்கு முப்பது ரூபாய் காரணமாக இருக்காது.

அவரிடம் கேளுங்கள். காம்பு எவ்வளவு நீளம் வேண்டும், குழி எவ்வளவு ஆழம், ரசத்துக்கா பொரியலுக்கா. செய்து கொடுத்த பிறகும் நாலு குறை சொல்வார். அதில் ஒன்றைச் சரிசெய்து அடுத்ததைச் செதுக்குங்கள். தோசை திருப்ப மெல்லிய விளிம்பு வைத்து ஒன்று செய்து மகனிடம் கொடுங்கள், அவனும் ஏதாவது சொல்லட்டும். ஐப்பசி மழையில் கட்டை காய நாளாகும். வெட்டிய இரண்டு முனையிலும் மெழுகு பூசி வையுங்கள், வெடிப்பு குறையும்.